மாத்திரை டப்பாவில் 6 சிலந்திகள்: டரண்டுலா வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

2023-ஆம் ஆண்டு மலேசிய லாரி ஓட்டுநர் ஒருவருக்குச் சிங்கப்பூரில் 12 வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் லாரியில் கொண்டு போனது சிகரெட்டோ போதைப்பொருளோ அல்ல. மாத்திரை டப்பாக்களில் அடைத்த 6 உயிருள்ள டரண்டுலா சிலந்திகள். செய்தியைப் படித்த பலர் சிரித்துவிட்டுக் கடந்து போனார்கள். எட்டுக்கால் பூச்சிக்காக மூன்று மாதச் சிறையா என்றும் கேட்டார்கள். தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள ஜொகூர் குடும்பங்கள் அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் டரண்டுலா பகிரங்கமாக விற்கப்படுகிறது. கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு செல்லப்பிராணிக் கடைகளிலும் வார இறுதிக் கண்காட்சிகளிலும் கிடைக்கிறது. பூனையோ நாயோ வைத்துக்கொள்ள முடியாத அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பொருத்தமாகத் தெரிகிறது. சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, வாரத்துக்கு ஒன்றிரண்டு பூச்சி போதும். அந்தப் பக்கமோ நிலைமை நேரெதிர். சிங்கப்பூரில் டரண்டுலாவைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கவே அனுமதி இல்லை. முள்ளெலி, உடும்பு வகைகளோடு சேர்த்துத் தடை செய்யப்பட்ட விலங்காகவே தேசியப் பூங்காக் கழகம் அதைக் கருதுகிறது. இங்கே கண்ணாடிப் பெட்டியில் விற்கும் பொருள் அங்கே கிடைக்காது என்பதால்தான் அதைக் கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லும் ஆட்கள் உருவாகிறார்கள். லாரியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிப் பிழைப்பவரிடம்தான் அவர்கள் முதலில் வருகிறார்கள். "சின்ன டப்பாதானே, பைக்குள் போட்டுக்கொள்" என்று கேட்பவர் பிடிபடுவதில்லை. டப்பா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பிடிபடுகிறார்.

மலேசியாவில் விற்கலாம் என்றால் எல்லாமே சரி என்றும் ஆகிவிடாது. தீபகற்பத்தில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடப்பில் உள்ளது. அதன் பட்டியலில் இடம்பெற்ற உயிரினத்தைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2022-இல் செய்த திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. வெளிநாட்டுச் சிலந்தி என்றால், அது அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. இருந்தால் இறக்குமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். வாங்கப் போகிற வகையின் அறிவியல் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்பதுதான் முறை. "எல்லாம் ஓகே பாஸ்" என்று கடைக்காரர் சொல்வது சட்ட ஆலோசனை ஆகாது.

செம்பனை, ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பூச்சியும் அல்ல. மண்மேட்டுப் பொந்திலும் மரப்பொந்திலும் உள்ளங்கை அகலச் சிலந்தியைப் பார்த்தவர்கள் பழைய லயங்களில் நிறைய பேர் இருப்பார்கள். அப்போது அதைக் கண்டால் விளக்குமாறுதான் பேசும். இப்போது அதே சிலந்தியைத் தோண்டி எடுத்துப் படம் பிடித்து விலை கேட்கிறார்கள். காட்டுச் சிலந்தியைப் பிடித்து விற்பது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்குச் சரவாக்கே சாட்சி. கால்கள் மின்னும் நீல நிறத்தில் இருக்கும் ஒரு டரண்டுலாவுக்கு 2019-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிரூபெஸ் சிமோராக்ஸிகோரம் என்று பெயர் சூட்டினார்கள். ஆய்வுக்குக் கிடைத்த சிலந்திகள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் சரவாக் காட்டிலிருந்து எடுத்துச் சென்றவை. அதற்கு அனுமதி எதுவும் கொடுக்கவில்லை என்று சரவாக் தரப்பு சொன்னது. நம் காட்டுச் சிலந்திக்கு அந்தச் சேகரிப்பாளர்களின் பிள்ளைகளுடைய பெயர்களைச் சேர்த்துப் பெயர் வைத்தாகிவிட்டது.

அழகைப் பார்த்து வாங்குவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பெசிலோதீரியா இனம் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் ஒன்று. அதில் நீல நிற வகை ஆந்திராவின் குத்தி ஊரில் ரயில்வே மரக் கிடங்கில் முதலில் கிடைத்தது. 1899-இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. அதன்பின் நூறாண்டு காலம் யார் கண்ணிலும் படாமல், 2001-இல்தான் காட்டில் மறுபடி காணப்பட்டது. இன்று மிக அருகிய இனம். 2019 முதல் இந்த இனம் முழுவதும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளது. அதோடு மின்னல் வேகத்தில் ஓடும், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விடாது. நம் பாட்டன் பூட்டன் ஊர்ச் சிலந்தி என்ற பாசத்தில் முதல் சிலந்தியாக இதை வாங்குவது நல்லதல்ல. மியன்மார், தாய்லாந்து பக்கத்து நீலச் சிலந்தியும் நம் நாட்டு மரச் சிலந்திகளும் அதே போக்குதான். டரண்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்பது உண்மை. ஆனால் சாவு மட்டுமா துன்பம்?

முதன்முறை வளர்ப்பவருக்கு அமெரிக்கக் கண்டத்து வகைகளே ஏற்றவை. மத்திய அமெரிக்காவின் சுருள்முடிச் சிலந்தி நிதானமானது, நம் நாட்டு ஈரத்தையும் தாங்கும். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தியும் சாதுதான். ஆனால் இந்த வகைகள் பயந்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய முடிகளைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் கதை வேறு. கண் மருத்துவரிடம் போகும் அளவுக்கு வரலாம். பெட்டியைத் திறந்து முகத்தைக் குனிந்து பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம். கையில் எடுத்துத் தோளில் விட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம். அது சிலந்திக்குத் தேவையே இல்லாத அன்பு. இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் வயிறு வெடித்துவிடும்.

பெட்டி வாங்குவதில் பலரும் தவறுவது இங்கேதான். தரையில் வாழும் சிலந்திக்கு உயரமான கண்ணாடித் தொட்டியை வாங்குகிறார்கள். அது சுவரில் ஏறி விழுந்து சாகிறது. அகலம் சிலந்தியின் கால்விரிப்பைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். மண்ணுக்கும் மூடிக்கும் இடையே கால்விரிப்பைவிடச் சற்றே கூடுதலான இடைவெளி போதும். அடியில் தேங்காய் நார்த்தூள் ஆழமாகப் போட்டு, ஒளிந்துகொள்ள மரப்பட்டை ஒன்று, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம் ஒன்று வைத்தால் வீடு தயார். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் சூடேற்றும் விளக்கும் பாயும் நம் நாட்டில் வீண் செலவு. நம் வீட்டு வெப்பமே அதற்குப் போதும். இங்கே பிரச்சினை வேறு: காற்றோட்டம் இல்லாத பெட்டியில் தினமும் தண்ணீர் தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பக்கச் சுவர்களில் துளைகள் வேண்டும், ஒரு மூலையில் மட்டும் ஈரம் இருந்தால் போதும். மூடியில் பூட்டு அவசியம். ஓடிப் போன சிலந்தியைத் தேடி வீடு முழுவதும் நாற்காலி மேல் நிற்கும் இரவு ஒன்று வந்தால், அதற்குப் பிறகு அம்மா எதற்கும் சம்மதிக்க மாட்டார்.

இரை கிடைப்பதில் சிரமம் இல்லை. முறாய் குருவி வளர்ப்பவர்களுக்காகப் பறவைக் கடைகளில் விற்கும் உயிருள்ள சிள்வண்டு, மலாய்க்காரர்கள் செங்கெரிக் என்று சொல்வது, இதற்கும் ஆகும். வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். தோட்டத்தில் வெட்டுக்கிளி பிடித்துப் போடுவது இலவசமாகத் தெரியலாம். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடித்த இடத்துப் பூச்சி சிலந்திக்கு நஞ்சாகலாம்.

ஒரு கட்டத்தில் சிலந்தி வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் சாப்பிடாது. பிறகு ஒருநாள் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதாக நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அது தோல் உரிக்கிறது. அந்த நேரத்தில் தொடக் கூடாது, பெட்டியில் உயிருள்ள சிள்வண்டு இருக்கவும் கூடாது. மெத்தென்ற புதுத்தோலை அது கடித்துவிடும். உரித்து முடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகே அடுத்த இரை. உண்மையில் செத்த சிலந்தி பெரும்பாலும் கால்களை உடம்புக்கு அடியில் மடக்கிக்கொண்டு கிடக்கும். மல்லாந்து கிடப்பது வேறு.

நம் ஊருக்கே உரிய எதிரி ஒன்று இருக்கிறது. டிங்கி பரவினால் தாமானுக்குள் புகை அடிக்க வருவார்கள். ஏடிஸ் கொசுவைக் கொல்லும் புகை சிலந்தியை விட்டு வைக்காது. டிங்கி ஒழிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால் பெட்டியை ஈரத்துணியால் மூடி, புகை வராத உறவினர் வீட்டுக்கு ஒருநாள் கொண்டு போக வேண்டியதுதான். வீட்டுக்குள் அடிக்கும் கொசு மருந்து, கரப்பான் மருந்து, கொசுவத்திச் சுருள் எல்லாம் அதே வகைதான். சாமி அறையில் பற்றவைக்கும் சாம்பிராணிப் புகையும் பெட்டி இருக்கும் அறைக்கு வராமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, எவ்வளவு காலம் என்பது. ஆண் சிலந்தி முதிர்ந்த பிறகு பெரும்பாலும் ஓராண்டு அளவுதான் இருக்கும். பெரிதாகவும் மலிவாகவும் கிடைத்தது என்று வாங்கியவர் சில மாதங்களில் ஏமாறுவது இதனால்தான். பெண் சிலந்தி 20 ஆண்டுக்கும் மேல் வாழும். பதினேழு வயதில் வாங்கிய பையன் முப்பத்தேழு வயதாகும்போதும் அது அதே பெட்டியில் இருக்கலாம். இடையில் அவனுக்கு வேலை வரும், கல்யாணம் வரும். ஜொகூர்ப் பிள்ளை என்றால் சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கும் காலமும் வரும். சிலந்தியை அங்கே கொண்டு போக முடியாது. கொண்டு போனால் அந்த லாரி ஓட்டுநரின் கதைதான். காட்டிலோ செம்பனைத் தோட்டத்திலோ விட்டுவிடவும் கூடாது. மெக்சிகோ சிலந்திக்கு அது வீடு அல்ல, நம் மண்ணின் பூச்சிகளுக்கும் அது நல்ல விருந்தாளி அல்ல. ஆகவே சிள்வண்டு வாங்கப் பறவைக் கடைக்குப் போகப் போவதும், மல்லாந்து கிடந்தால் பதறாமல் இருக்க வேண்டியதும், புகை வண்டிச் சத்தம் கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதும் வீட்டில் இருக்கும் அம்மாதான். பணம் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.