பாங்குக்கு ஒரு நியாயம், தொழிலாளிக்கு ஒரு நியாயமா?

அமெரிக்காவில் சங்கம் அமைக்க முயன்ற குற்றத்துக்காக ஒரு தொழிலாளியை முதலாளி வீட்டுக்கு அனுப்பினால், அந்தத் தொழிலாளி நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1935ஆம் வருஷச் சட்டப்படி அவர் போய் நிற்க வேண்டிய வாசல் ஒன்றுதான்: தேசியத் தொழிலுறவு போர்டு. அதில் ஐந்து மெம்பர்கள். குறைந்தது மூன்று பேராவது இருந்தால்தான் போர்டு தீர்ப்புச் சொல்லலாம் என்று 2010இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டே கூறியிருக்கிறது.

2025 ஜனவரி 27ந் தேதி இரவு வந்த ஒரு மின்னஞ்சல் அந்த வாசலை இழுத்து மூடியது. போர்டு மெம்பர் க்வின் வில்காக்ஸை ஜனாதிபதி டிரம்ப் நீக்கிவிட்டார். அவருடைய பதவிக் காலம் 2028 வரை இருந்தது. அந்தப் போர்டில் அமர்ந்த முதல் கறுப்பு இனப் பெண்மணி அவர். ஏற்கனவே இரண்டு இடங்கள் காலி. அவரும் போனதும் மிஞ்சியது இரண்டே பேர்.

சட்டம் என்ன சொல்கிறது? நோட்டீஸ் கொடுத்து, விசாரணை நடத்தி, கடமை தவறினார் அல்லது பதவியில் முறைகேடு செய்தார் என்று கண்டால் மட்டுமே ஒரு மெம்பரை நீக்கலாம். வேறு எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது என்கிறது. இங்கே நோட்டீஸும் இல்லை, விசாரணையும் இல்லை. முதலாளிகளின் நலனுக்குப் பாதகமில்லாமல் நடந்துகொள்வார் என்ற நம்பிக்கை இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்! பதிலித் தொழிலாளியை வெளியேற்றும் மேஸ்திரிகூட இவ்வளவு பச்சையாகப் பேசமாட்டான்.

கீழ்க் கோர்ட்டுகளின் உத்தரவால் வில்காக்ஸ் இடையிடையே சில நாட்கள் திரும்பி வந்தார். மே 22ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதையும் நிறுத்தி வைத்தது. ஆக, 2025ஆம் வருஷத்தின் பெரும்பகுதி போர்டு கோரம் இல்லாமல் கிடந்தது. டிசம்பரில்தான் புது மெம்பர்கள் வந்தார்கள். அதுவரை தீர்ப்புக்காகக் காத்திருந்த தொழிலாளியின் அடுப்பு எரிந்ததா என்று எந்த ஜட்ஜும் கேட்கவில்லை.

இத்தகைய கமிஷன்களையும் போர்டுகளையும் ஜனாதிபதியின் கைக்கு எட்டாமல் வைத்தது ஏன்? சட்டம் செய்வது காங்கிரஸ் என்ற அந்நாட்டுப் பார்லிமெண்ட், நிறைவேற்றுவது ஜனாதிபதி, நியாயம் வழங்குவது கோர்ட் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஏற்பாடு. மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் யதேச்சாதிகாரம் என்று அவர்களே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள். ரயில் கம்பெனிகள் தானியத்துக்கு வைத்ததே கட்டணம் என்று கொள்ளையடித்தபோது விவசாயிகள் திரண்டு எழுந்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 1887இல் மாநிலங்களிடை வர்த்தகக் கமிஷன் பிறந்தது. 1914இல் பெடரல் வர்த்தகக் கமிஷன் வந்தது. 1934இல் சுமார் 4 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துறைமுகங்களிலும் லாரி ஷெட்டுகளிலும் ரத்தம் சிந்தியது. மறுவருஷம் தொழிலுறவு போர்டு வந்தது. யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

ஆனால் இந்தப் "பதவிப் பாதுகாப்பு" முதலில் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வர்த்தகக் கமிஷனில் ஹம்பிரி என்று ஒருவர் இருந்தார். பெருமுதலாளிகளின் நண்பர். நம் இருவர் மனமும் ஒத்துப் போகவில்லை என்று எழுதி, 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை நீக்கினார். அவர் இறந்த பின் பாக்கிச் சம்பளத்துக்காக வழக்கு நடந்தது. 1935 மே 27ந் தேதி, காரணமின்றி நீக்கியது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே நாளில் அதே கோர்ட், தொழிலாளி சங்கம் சேரும் உரிமையைக் கூறிய தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தையும் ரத்து செய்தது. முதலாளியின் நண்பருக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டபோது தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் 90 வருஷங்கள் தொழிலாளியின் போர்டும் நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் இப்போது பொறுக்க முடியவில்லை. வர்த்தகக் கமிஷனின் இரண்டு மெம்பர்களை 2025 மார்ச்சில் டிரம்ப் நீக்கினார். அந்த வழக்கில், 1935 தீர்ப்பையே தூக்கி எறியலாமா என்ற வாதத்தை டிசம்பரில் கோர்ட் கேட்டது.

கோடீஸ்வரர்கள் சும்மா இருக்கவில்லை. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனி, நிர்வாகத்தை விமர்சித்துக் கடிதம் எழுதிய எட்டு ஊழியர்களை வேலைநீக்கம் செய்தது என்று 2024 ஜனவரியில் போர்டு தரப்பில் குற்றச்சாட்டு வந்தது. மறுநாளே, போர்டின் அமைப்பே அரசியல் சட்ட விரோதம் என்று கம்பெனி வழக்குப் போட்டது. அதே வருஷத் தேர்தலில் மஸ்க் செலவழித்தது 25 கோடி டாலருக்கு மேல்.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதிக்கு, யாரும் தேர்ந்தெடுக்காத கமிஷனர்கள் கட்டுப்பட வேண்டாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்போல் ஒலிக்கிறது. அப்படியானால் அந்த நியாயம் எல்லோருக்கும் பொருந்த வேண்டுமல்லவா? 2025 பிப்ரவரி 18ந் தேதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். சுதந்திரக் கமிஷன்கள் தங்கள் முக்கிய விதிகளை முன்கூட்டியே ஜனாதிபதி மாளிகையின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். சட்டத்துக்கு ஜனாதிபதியும் அட்டர்னி ஜெனரலும் சொல்வதே அர்த்தம் என்றார். ஆனால் வட்டி, நாணயம் பற்றிய பெடரல் ரிசர்வ் பாங்கின் கொள்கைக்கு மட்டும் அதில் விலக்கு! வில்காக்ஸ் வழக்கின் மே மாத உத்தரவில் சுப்ரீம் கோர்ட்டும் அதே பாட்டைப் பாடியது: பெடரல் ரிசர்வ் தனிவகை அமைப்பு, பாதி தனியார் தன்மை உடையது, அதற்கு இது பொருந்தாது என்றது. மூன்று ஜட்ஜுகள் மாறுபட்டார்கள். ஆகஸ்டில் அந்த பாங்கின் கவர்னர் லிசா குக்கை டிரம்ப் நீக்க முயன்றபோது, விசாரணை முடியும் முன் அவரை வெளியேற்றக் கோர்ட் இடம் தரவில்லை. வில்காக்ஸுக்கு அந்தப் பொறுமை காட்டப்படவில்லை.

ஏன்? வட்டி விகிதம் ஒருவர் இஷ்டத்துக்கு ஆடினால் பங்கு மார்க்கெட் ஆடும். வால் ஸ்டிரீட் தூக்கம் இழக்கும். தொழிலாளியின் புகார் பீரோவில் தூங்கினால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

போர்டைப் பற்றி நமக்கு மயக்கமில்லை. 1947இல் டாப்ட்-ஹார்ட்லி சட்டம் கொண்டுவந்து, கம்யூனிஸ்ட் அல்ல என்று பிரமாணம் செய்யாத தலைவர்களின் சங்கங்களுக்கு அதே போர்டின் கதவைச் சாத்தினார்கள். 1935 சட்டமே விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலப் பண்ணை முதலாளிகளின் செல்வாக்கு அப்படி. கலிபோர்னியாவின் விவசாயத் தொழிலாளர் வருஷக்கணக்காகப் போராடி 1975இல் தங்கள் மாநிலத்துக்குத் தனிச் சட்டம் பெற்றார்கள். ஆனாலும், குறையுள்ள வாசல் என்பதற்காக அதை முதலாளி பூட்டிச் சாவியை எடுத்துப் போவதை எந்தத் தொழிற்சங்கமும் வேடிக்கை பார்க்க முடியாது.

பெடரல் போர்டு செயலற்றுக் கிடந்ததால், தொழிலாளர் புகார்களைத் தங்கள் மாநிலப் போர்டுகளே விசாரிக்கலாம் என்று 2025 செப்டம்பரில் நியூயார்க்கும் கலிபோர்னியாவும் சட்டம் செய்தன. உடனே இரண்டு மாநிலங்கள் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. தொடர்ந்தது யார்? தீர்ப்புச் சொல்லக் கோரம் இல்லாத அதே தேசியத் தொழிலுறவு போர்டு. வழக்குப் போட மட்டும் அதற்குக் கோரம் தேவைப்படவில்லை.