மருந்தா, உப்பு நீரா?

நேற்று வரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்த வீட்டுப் பெரியவர் திடீரென்று ரத்தமாக வாந்தி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (யாருக்கும் அப்படி நேர வேண்டாம், பேச்சுக்குச் சொல்கிறேன்.) அலறிப் புடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். உள்ளே அவருக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த நேரம் பார்த்து இளம் டாக்டர் ஒருவர் வந்து, "இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அப்பாவைச் சேர்த்துக்கொள்ளலாமா? பாதிப் பேருக்கு ஒரு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது எனக்கே தெரியாது" என்கிறார்.

உங்களுக்கு எப்படி இருக்கும்? "உயிர் ஊசலாடுகிறது, நீர் திருவுளச் சீட்டுப் போட்டு விளையாடுகிறீரா?" என்று சீறத் தோன்றும். கோபம் நியாயமானதுதான். ஆனாலும், சீறுவதற்கு முன்னால் ஒரு கதையைக் கேளுங்கள்.

வயிற்றுப் புண், வலிக்கு விழுங்கும் மாத்திரைகள், கெட்டுப்போன கல்லீரல் - இவற்றில் ஏதோ ஒன்றால் குடலில் ரத்தம் கசிகிறது. வாந்தியில் வரலாம், தார் போலக் கறுத்த மலமாகவும் போகலாம். கட்டிய ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை, ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் 1962-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு அதைக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று 2010-இல் நிரூபணம் ஆயிற்று. 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேல் சேர்ந்த பரிசோதனை அது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு.

சரி, அடிபட்ட ரத்தத்தை நிறுத்தும் மருந்து குடல் ரத்தத்தை நிறுத்தாதா? நீங்களும் நானும் இப்படித்தான் கேட்போம். டாக்டர்களும் கேட்டார்கள். சின்னச் சின்னப் பரிசோதனைகள் சில, "நிறுத்தும்" என்றே சொல்லின. "அப்புறம் என்ன யோசனை? எல்லோருக்கும் ஊசியைப் போடு!" என்று விட்டிருக்கலாம். லண்டனில் உள்ள ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி விடவில்லை. 2013 முதல் 2019 வரை 15 நாடுகளில் 164 ஆஸ்பத்திரிகளில் 12,009 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெட்டிகளுக்கெல்லாம் ஒரே தோற்றம். மேலே எண் மட்டும். உள்ளே மருந்தா, உப்பு நீரா என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

2020-இல் முடிவு வெளியாயிற்று. 5 நாளைக்குள் ரத்தப்போக்கினால் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 4 பேர். உப்பு நீர் பெற்றவர்களிலும் அதே 4 பேர்! அதோடு போயிற்றா? கால் நரம்பிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டிக்கொண்ட தொல்லை, உப்பு நீர்க்காரர்களில் ஆயிரத்துக்கு 4 பேருக்கு. மருந்துக்காரர்களில் 8 பேருக்கு. வலிப்பும் அவர்களுக்கே அதிகம்.

இப்போது சொல்லுங்கள். "எங்களுக்கு உப்பு நீரைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று யாராவது வருந்தியிருந்தால், உண்மையில் அதிருஷ்டசாலி யார்? அந்த 12,009 பேரும் சேராமல் இருந்திருந்தால், பலனில்லாத மருந்தை "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. ரத்தம் போனால் நிறைய ரத்தம் ஏற்ற வேண்டும் என்பதுதானே நம் எண்ணம்? பார்ஸிலோனாவில் 921 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போனதுமே ரத்தம். மற்றவர்களுக்கு 7-க்குக் கீழே போனால்தான். கட்டுக்கடங்காமல் ரத்தம் கொட்டியவர்களைச் சேர்க்கவில்லை. 6 வாரம் கழித்துப் பார்த்தால், தாராளமாகக் கொடுத்த பக்கம் நூற்றுக்கு 91 பேர் பிழைத்திருந்தார்கள். சிக்கனமாகக் கொடுத்த பக்கம் 95 பேர்! 2013-இல் இது வெளியான பிறகு, டாக்டர்களின் கை சற்றுச் சுருங்கியிருக்கிறது.

"ஊருக்கு நல்லது, சரி; என் அப்பாவுக்கு என்ன?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சேர்ந்தால் குணமாகும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அப்படிக் கூறுகிறவரை நம்பாதீர்கள். ஆனால் உப்பு நீர் என்றால் சிகிச்சையே இல்லை என்று அர்த்தமல்ல. லண்டன்காரர்கள் நடத்திய பரிசோதனையில் ரத்தம் ஏற்றுவது, குழாய் விட்டுப் பார்த்து ரத்தத்தை அடைப்பது போன்ற வழக்கமான வைத்தியம் இரு சாராருக்கும் நடந்தது. அதற்கு மேலேதான் அந்த மருந்தோ உப்பு நீரோ.

ஆகவே, கையெழுத்துக் கேட்டால் நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள். வழக்கமான சிகிச்சை எதையாவது நிறுத்துவீர்களா? இந்த மருந்தால் என்ன கெடுதல் வரலாம்? நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? அரசாங்கப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா? நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிசோதனையால் உடம்புக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. வேண்டாம் என்று மறுக்கலாம்; சேர்ந்த பிறகும் விலகிக்கொள்ளலாம். அதற்காக வழக்கமான வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்கக்கூடாது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது நீங்கள் சம்மதித்திருந்தால், நினைவு தெளிந்ததும் அவரிடமே விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உடம்பு அவருடையது அல்லவா?

சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டுப் பார்க்காமல் மறுக்கவும் மறுக்காதீர்கள்!