எது நல்ல தேநீர்?

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது பழமொழி. மூன்று நாளுக்கு மேல் விருந்தாளியைப் பொறுக்காத நம் வீடுகள், ஒரே ஒரு விருந்தாளியை மட்டும் பல தலைமுறைகளாகக் காலையிலும் மாலையிலும் வரவேற்று வருகின்றன. அந்த விருந்தாளியே தேநீர். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் காலத்தில் நம் நாட்டில் தேநீர் இல்லை. இன்றோ, வீட்டிற்கு வந்தவரை ஒரு வாய் தேநீர் கொடுக்காமல் அனுப்பினால் மனம் ஒப்புவதில்லை. தேநீருள் எது சிறந்தது, அதை எவ்வாறு பருகுவது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். என் விடையைத் தோழியர்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு வியப்பு. பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், சீனரின் ஊலாங் ஆகிய யாவும் ஒரே செடியின் பிள்ளைகள். காமெலியா சைனென்சிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். பறித்த இலையை உடனே சூடாக்கி அதன் நிறம் மாறாமல் காத்தால் பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, காற்றுப்படவிட்டுப் பின் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் ‘சி.டி.சி.’ முறை 1930களில் அசாமில் தோன்றியது. நம் கடைகளில் கொதிக்கும் தேயிலை பெரும்பாலும் இவ்வகையே. சிறு சிறு குருணையாக இருப்பதால் சீக்கிரம் சாயம் இறங்கும், பால் சேர்த்தாலும் கடுப்புக் குறையாது, விலையும் மலிவு. ஏழையின் கோப்பைக்குத் தேநீர் வந்து சேர்ந்தது இவ்வகைத் தூளினால்தான் எனலாம்.

உலகோர் இதைப் பருகும் விதமோ பலப்பல. ஜப்பானியர் பச்சைத் தூளை மூங்கில் கடைகோலால் நுரைக்க அடித்து அமைதியாகப் பருகுவர். திபெத்தியர் வெண்ணெயும் உப்பும் சேர்ப்பர். மொராக்கோவில் புதினா மணக்கும். காஷ்மீரத்து ‘நூன் சாய்’ இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புக் கரிக்கும். மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் உயரத் தூக்கி ஆற்றும் ‘தே தாரிக்’ அந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகிவிட்டது.

ஆனால், உலகத்தைச் சுற்றிவரத் தேவையில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வந்தாலே போதும். சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்கள் பலவற்றின் கடைசி நிலையம் அது. அதற்கப்பால் சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. சிப்காட் தொழிற்பேட்டைச் சாலையில் விடியற்காலையிலேயே பாய்லர்கள் புகைகின்றன. ‘ஒரு ஸ்ட்ராங்’, ‘ஒரு லைட்’, ‘சர்க்கரை கம்மி’ என்று குரல்கள் எழ, மாஸ்டர் ஒருவர் அத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக நிரப்புகிறார். நம்மவர் டிகாஷனைத் தனியே இறக்கிப் பாலில் கலப்பர். பொறையைத் தோய்த்து உண்பர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களோ பால், தூள், தட்டிய இஞ்சி எல்லாவற்றையும் ஒன்றாகவே கொதிக்க வைப்பர். தேயிலை விளையும் அசாமிலிருந்தே வந்து நம் ஊரில் தேநீர் வாங்கிக் குடிப்போரும் உண்டு.

இதே ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. போரினால் கடல் கடந்து வந்த அவர்கள் தேநீரைத் ‘தேத்தண்ணி’ என்பர். பாலில்லாத வெறுந்தேத்தண்ணியைச் சீனி கலக்காமல், பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பருகுவது அவர்கள் நாட்டு வழக்கம். சுவைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். முதலில் துவர்ப்பு, பின்னர் இனிப்பு. விட்டு வந்த ஊரின் நினைவை ஒரு கோப்பையில் காத்து வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தேநீருக்கும் தமிழர் கண்ணீருக்கும் உறவு அதிகம். இலங்கையில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் மலைகளைத் தோட்டங்களாக்கியவர்கள் நம் நாட்டிலிருந்து சென்ற ஏழைத் தமிழர்கள். விடுதலை பெற்ற இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வழிசெய்தது. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலை தரவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. இந்தத் தோட்டங்களில் ‘இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்’ என்று பார்த்துப் பார்த்துப் பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே.

இங்கேதான் என் கருத்தைக் கூற வேண்டும். கொழுந்து பறிப்பவள் பெண். வீட்டில் தேநீர் போடுபவளும் பெண். ஆனால் அமர்ந்து, ஆற அமரச் சுவைத்துப் பருகுபவர் யார்? தொழிற்பேட்டையில் ஷிப்டு முடியும் நேரத்தைப் பாருங்கள். ஆண்கள் கடைப் பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாளை விரித்துவிடுகிறார்கள். அவர்களைப்போலவே எட்டு மணி நேரம் நின்று உழைத்த பெண்களோ கடையை நிமிர்ந்தும் பாராமல் பேருந்துக்கு ஓடுகிறார்கள். ஓரிருவர் ஓரமாக நின்று மடமடவென்று குடித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டிலும் இதே கதைதான். எல்லோருக்கும் கொடுத்தபின் அடுப்படியில் நின்றபடியே, ஆறிப்போன கடைசிக் கோப்பையைக் குடிப்பவள் அம்மா.

“பெண்பிள்ளைகளுக்கு டீக்கடையில் என்ன வேலை? வீட்டில் குடித்தால் ஆகாதா?” என்று கேட்போர் உண்டு. வேலைக்குப் பெண் வெளியே வரலாம், களைப்பாற மட்டும் வெளியே அமரக்கூடாது என்பது என்ன நியாயம்? ஓய்வு என்பது யாரோ போடும் பிச்சையன்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக்கூடாது, அரை மணி நேரமாவது இடைவேளை தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. அச்சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. நம் பெஞ்சுகள்தாம் பிரிக்கின்றன.

‘டீக்கடைதானே, இது ஒரு சிறிய செய்தி’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் மாநிலத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடித் தம்ளர், ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளை. பெஞ்சில் அமரவும் அவர்களுக்கு இடமில்லை. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னரும் அந்தக் குவளைகளை அகற்றப் பெரும் போராட்டங்கள் தேவைப்பட்டன. ஒருவரைச் சமமாக மதிக்கிறோமா இல்லையா என்பதை அவருக்குத் தரும் குவளையும் இருக்கையும் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் உடல்நலத்திற்கும் ஒரு சொல். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. இரத்தசோகை நம் பெண்களிடையே மிகுதி. ஆகவே இட்டிலியோடும் சோற்றோடும் தேநீர் வேண்டாம். உண்டபின் ஒரு மணி நேரமாவது பொறுத்துப் பருகுவோம். காலை உணவுக்குப் பதிலாகத் தேநீரையே குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வரும் தோழியர் இதை மனத்தில் கொள்வார்களாக!

இனி என் விடை. இஞ்சித் தேநீரும் நன்று, ஏலக்காய்த் தேநீரும் நன்று, பனங்கட்டி கடித்துக் குடிக்கும் வெறுந்தேத்தண்ணியும் நன்று. ஆனால் எல்லாவற்றிலும் சிறந்தது, போட்டவரும் குடிப்பவரும் ஒன்றாக அமர்ந்து, சூடு ஆறுமுன் பருகும் தேநீரே. தோழியரே, இன்று மாலையே தொடங்கலாம். அண்ணனுக்கும் தம்பிக்கும் தேநீர் போடக் கற்றுக்கொடுங்கள். அது ஒன்றும் கம்பசூத்திரமன்று. அம்மாவை உட்கார வையுங்கள். முதல் கோப்பையை அவர் கையில் கொடுங்கள். நாளை நாமும் வேலைக்குச் செல்வோம். அன்று தொழிற்பேட்டைச் சாலையின் பெஞ்சில் நிமிர்ந்து அமர்ந்து, “அண்ணே, ஒரு ஸ்ட்ராங் டீ!” என்று கேட்போம்.