திருத்திய பின்னும் திணறும் எஞ்சின்

பெரும் பழுதுபார்ப்பு முடிந்து, கட்டணமும் செலுத்தப்பட்டு, வீடு வந்து சேர்ந்த வாகனம் மறுநாளே திணறத் தொடங்குவது எம்மவர் பலருக்குப் புதிய அனுபவமன்று. சிலின்டர் தலையைக் கழற்றி ஹெட் கஸ்கற் மாற்றியிருப்பார்கள். ரைமிங் பெல்ற்றையும் புதிதாகப் போட்டிருப்பார்கள். ஆயினும் வீதி விளக்கில் காத்து நிற்கும்போது வாகனம் உதறும். மேட்டில் ஏறும்போது இழுவை குறையும். மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியும். திரும்பக் கொண்டு சென்றால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாங்கள் செய்த வேலையில் பிழையில்லை, இது வேறு பழுது." அதன் பின்னர் பிளக், பிறகு கொயில், பிறகு இன்ஜெக்ரர் என்று பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படும். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரே பணம் செலுத்துவார்.

இந்த நடைமுறையை நாம் ஏன் வாய்பேசாது ஏற்றுக்கொள்கிறோம் என்பதே எமது கேள்வி. பாகத்தை மாற்றுவது பழுதைக் கண்டறிவதாகாது. அது அடுத்தவர் பணத்தில் நடத்தப்படும் ஊகம். பேருந்து ஓடத் தொடங்காத அதிகாலையில் துப்புரவு வேலைக்கும், நள்ளிரவு கடந்து உணவகத்திலிருந்து வீட்டுக்கும் செல்லவேண்டியவர்களுக்கு அந்தப் பழைய வாகனம் ஆடம்பரப் பொருளன்று. அது நின்றால் வேலையும் நின்றுவிடும்.

விடயத்தை அடிப்படையிலிருந்து நோக்குவோம். நிக்கொலவுஸ் ஓட்டோ 1876இல் இயக்கிக் காட்டிய நான்கடிப்பு எஞ்சினின் தத்துவம் இன்றும் மாறவில்லை. காற்றும் பெற்றோலும் உரிய அளவிற் கலந்து உட்செல்ல வேண்டும். அக்கலவை போதிய அளவு அமுக்கப்பட வேண்டும். சரியான கணத்திற் பொறி எழ வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலின்டர் அந்தச் சுற்றில் வேலை செய்யாது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓய்வாக ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலின்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். நான்கில் ஒன்று எரியாதுவிட்டால் வாகனம் நொண்டுவதில் வியப்பில்லை.

எம்மவர் பலர் கணினிச் சோதனையை வேதவாக்காகக் கருதுகின்றனர். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பியப் பெற்றோல் வாகனங்களில் 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட அந்தச் சோதனை முறையில் 'பி0302' என்ற குறியீடு வந்தால் இரண்டாவது சிலின்டர் எரியவில்லை என்று பொருள். ஆனால் கணினி அதனை எப்படி அறிகிறது? பொதுவாக, கிராங்க் தண்டு சுழலும் வேகத்தைச் சென்சர் ஒன்று அளக்கிறது. ஒரு சிலின்டரின் முறை வரும்போது தண்டு சற்றே தளர்ந்தால் அது எரியவில்லை என்று கணினி முடிவுசெய்கிறது. ஏன் எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. பொறி எழவில்லையா, பெற்றோல் வரவில்லையா, வால்வு மூடவில்லையா என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. இருந்தும் அதனைக் காட்டி, "கணினியே சொல்கிறது, கொயில் போய்விட்டது" என்பார்கள். கணினி அப்படி எதுவும் சொல்லவில்லை. விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னர் செய்யும் மாணவர்களை விரிவுரை மண்டபத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களாவது அதற்குக் கட்டணம் கேட்கவில்லை.

பெரும் வேலைக்குப் பின் தோன்றிய பழுதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கை பட்ட இடங்களையே. நேற்றுவரை சீராக எரிந்த சிலின்டர் இன்று எரியாதுவிட்டால், இடையில் நிகழ்ந்தது என்னவென்று கேட்பதுதானே முறை? தலையைக் கழற்றும்போது டசின் கணக்கான இணைப்புகள் பிரிக்கப்படுகின்றன. ஏர்த் வயர் ஒன்று திரும்பப் பூட்டப்படாது விடப்படலாம். வெப்பத்தில் இறுகிப்போன பிளாஸ்ரிக் இணைப்பி கை பட்டதும் உடைந்திருக்கலாம். இன்லெற் மனிஃபோல்ட் கஸ்கற் சரியாகப் படியாமல் காற்றுக் கசியலாம். அப்படியானால் ஓய்வு ஓட்டத்தில் உதறி, வேகம் கூடியதும் சீராகும். பிளக் வயர்கள் மாறிப் பூட்டப்படுவதும் உண்டு. டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் வயர்கள் மாறினால் அவ்விரு சிலின்டர்களும் எரியா. பெல்ற் ஒரு பல் தவறியிருந்தாலோ, குறை ஒரு சிலின்டரில் மட்டும் நில்லாது எஞ்சின் முழுவதிலும் தெரியும்.

கண்டுபிடிக்கக் கடினமானதும், அதனாலேயே அதிகம் பணம் பறிப்பதும் தப்பற் இடைவெளிக் கோளாறாகும். வால்வும் அது அமரும் இடமும் அரைக்கப்பட்டால் வால்வு முன்னிலும் சற்று உள்வாங்கி அமர்கிறது. அதன் தண்டு மறுபுறம் அந்த அளவுக்கு உயர்கிறது. இடைவெளியைத் தாமாகச் சரிசெய்யும் அமைப்பு இல்லாத எஞ்சினில் அதனை மீண்டும் அளந்து ஒழுங்குபடுத்தாது விட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் வால்வு முழுமையாக மூடாது, அமுக்கம் கசிந்துவிடும். காலையில் கராஜுக்காரர் இயக்கிப் பார்க்கும்போது குறை தெரிவதில்லை. அரை மணி நேரம் ஓடிய பின்னரே தெரிகிறது. உரிமையாளர் பொய் சொல்கிறார் என்றும், கராஜுக்காரர் ஏமாற்றுகிறார் என்றும் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புதிய கொயில் பூட்டினாலும் வால்வு மூடப் போவதில்லை.

இவற்றைப் பிரித்தறியும் சோதனைகள் மலிவானவை. சந்தேகத்துக்குரிய கொயிலைக் கழற்றி அடுத்த சிலின்டரில் பூட்டிப் பார்க்கலாம். பழுது கொயிலோடு இடம்பெயர்ந்தால் குற்றவாளி அதுவே; பெயராதுவிட்டால் கொயிலை வாங்க வேண்டியதில்லை. பல எஞ்சின்களில் இதற்குப் பத்து நிமிடம் போதும். அடுத்தது அமுக்கச் சோதனை: நான்கு சிலின்டர்களையும் அளந்து நான்கு எண்களை எழுத வேண்டும். தனியொரு எண்ணைவிட அவற்றுக்கிடையேயான வேறுபாடே முக்கியம். பக்கத்துப் பக்கத்துச் சிலின்டர்கள் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால், புதிய கஸ்கற் அவற்றுக்கிடையே கசிகிறது என்று முதலில் ஐயுற வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதனுள் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். எண் உயர்ந்தால் பிஸ்ரன் வளையம். உயராதுவிட்டால் பெரும்பாலும் வால்வு அல்லது கஸ்கற்.

எமது மெக்கானிக்மாருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி இயக்கி, மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓடவைத்தவர்கள் அவர்கள். எந்தச் சிலின்டர் எரியவில்லை என்பதைக் காதாலேயே அறிந்தார்கள். பிழை எம்மிடமும் இருக்கிறது. மாற்றிய பாகத்துக்கு மறுபேச்சின்றிப் பணம் கொடுக்கும் நாம், ஒரு மணி நேரம் அளந்து பார்த்ததற்குப் பணம் கேட்டால், "ஒன்றும் செய்யாமலே காசு கேட்கிறார்" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். சிந்திப்பதற்குக் கூலி கிடைக்காத இடத்தில் பாகம் மாற்றுவதே பிழைப்பாகிவிடும். விலையைக் குறைக்கச் சொல்லி நாம் நெருக்கும்போது, தலை தட்டையாக இருக்கிறதா என்று அளப்பதும், புதிதாகப் போடவேண்டிய ஆணிகளும்தான் முதலில் கைவிடப்படுகின்றன.

ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் வேறு. கண்டறியும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்க உடன்படுங்கள். செய்த வேலையில்தான் குறை என்று தெரிந்தால் அந்தக் கட்டணமும் திருத்தும் செலவும் உங்களைச் சாரா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பிரித்தானியாவில் வாழ்வோருக்கு இது தயவுக் கோரிக்கையன்று. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவையை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்தல் வேண்டும். தவறின் மேலதிகக் கட்டணமின்றி அதனைத் திருத்தித் தரும்படி கேட்கலாம். வதிவிட அனுமதி இல்லையே என்று அஞ்சி வாய்மூடியிருக்க வேண்டியதில்லை. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தச் சோதனையின் பெறுபேற்றைக் கொண்டு இப்பாகம் மாற்றப்படுகிறது என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மஞ்சள் விளக்கு நின்று எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே சென்று, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரில் எரியத் தொடங்கினால் அதுவும் உருகிப் பாழாகும். பிறகு கொயிலைப் பற்றியல்ல, பல நூறு பவுண் பெறுமதியான அந்தப் பெட்டியைப் பற்றியே கராஜுக்காரரோடு வாதாட வேண்டியிருக்கும்.