டோனர் தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னது?

லேசர் பிரிண்டரில் 'டோனரை மாற்றவும்' என்று வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்துபோனது என்கிறார்கள். 'டோனர் சென்சார் பிழை' என்று வந்தால் ரீஃபில் போட்ட பையன் மெஷினைக் கெடுத்துவிட்டான் என்கிறார்கள். அலுவலகம், பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் இந்த இரண்டு நம்பிக்கைகளும் அசைக்க முடியாமல் நிற்கின்றன. இரண்டும் தவறு. இந்தத் தவறால் தூள் மிச்சமிருக்கும் கார்ட்ரிட்ஜுகள் குப்பைக்குப் போகின்றன, ஒரு பாவமும் அறியாத மெக்கானிக்குகள் திட்டு வாங்குகிறார்கள்.

எந்த பிரிண்டரும் உள்ளே எவ்வளவு தூள் இருக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஏதோ ஓர் அடையாளத்தை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். பிரதர் ஹெச்எல்-2140 போன்ற பழைய மாடல்களில் அந்த ஊகம் எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டோனர் கார்ட்ரிட்ஜின் இரண்டு பக்கவாட்டிலும் ஒளி ஊடுருவும் சிறு வட்டம் இருக்கும். மெஷினின் ஒரு பக்கத்திலிருந்து ஒளி புறப்படுகிறது, மறு பக்கத்தில் ஒரு சென்சார் அதற்காகக் காத்திருக்கிறது. நடுவில் தூள் மறித்தால் டோனர் இருக்கிறது என்று கணக்கு. ஒளி வந்து சேர்ந்தால் தீர்ந்தது என்று கணக்கு. தூள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தாலும் ஒளி தடையில்லாமல் போகும், மெஷின் நின்றுவிடும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கிடைமட்டமாகப் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாகச் சிலமுறை ஆட்டி மாட்டினால் பல நேரம் அச்சு மறுபடி ஓடத் தொடங்கும். எதிர்த் திசையிலும் இதே சென்சார் ஏமாறும். வட்டத்தின் மேல் தூள் படலமாக ஒட்டிக்கொண்டால், உள்ளே காலியாக இருந்தாலும் 'இருக்கிறது' என்றே சொல்லும். அந்த வட்டத்தில் கறுப்பு டேப் ஒட்டி மீதித் தூளையும் பயன்படுத்தியவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஒரு துண்டு டேப்புக்குக் கட்டுப்படும் சென்சாரின் பேச்சைக் கேட்டு எதற்காகப் பணத்தைச் செலவழிக்க வேண்டும்?

பின்னால் வந்த பல மாடல்களில் இந்த வட்டம்கூடக் கிடையாது. ரோலர் எத்தனை சுற்று சுற்றியது, எத்தனை புள்ளிகள் அச்சாயின என்று மெஷின் எண்ணிக்கொண்டே போகிறது. புதுக் கார்ட்ரிட்ஜின் சிறு பல்சக்கரமோ சிப்போ அந்த எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. சாம்சங்கின் பல மாடல்களில் சிப்பின் கணக்கு முடிந்தால், தூள் மிச்சம் இருந்தாலும் அச்சு நின்றுவிடும். ஹெச்பியின் பல மாடல்களிலோ 'மிகக் குறைவு' என்று வந்த பிறகும் தொடர்ந்து அச்சிட அமைப்புகளிலேயே வழி வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி இறுதியானது அல்ல என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொள்ளும்போது நமக்கு மட்டும் ஏன் இத்தனை பக்தி?

ஜெராக்ஸ் கடைகளில் உள்ள பெரிய மெஷின்களின் கதை வேறு. அங்கேதான் நஷ்டமும் பெரிது. அவற்றில் டோனர் தனியாக வேலை செய்வதில்லை. காந்தத்தால் ஈர்க்கப்படும் நுண்துகள்களோடு கலந்து டெவலப்பராக இருக்கிறது. அந்தக் கலவையின் காந்தத் தன்மையைச் சென்சார் அளந்து ஒரு வோல்டேஜாகச் சொல்கிறது. டோனர் குறைந்தால் காந்தத் தன்மை கூடும். அந்த வோல்டேஜ் இருக்க வேண்டிய எல்லைக்குள் இல்லையென்றால் பிழை வரும். ரிக்கோவின் பல மாடல்களில் வரும் எஸ்சி 390 இந்த வகைதான். கனெக்டர் தளர்ந்திருக்கலாம், டிரம் யூனிட் சரியாக உட்காராமல் இருக்கலாம், சென்சார் முகத்தில் தூள் இறுகியிருக்கலாம், டெவலப்பரே காலாவதி ஆகியிருக்கலாம். புது டோனர் பாட்டில் மாட்டுவதால் இவற்றில் ஒன்றுகூடச் சரியாகாது. ஆனால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். சிலர் அவசரத்தில் தூளைக் கையாலேயே டெவலப்பரில் கொட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு தாள் முழுக்கச் சாம்பல் படர்கிறது, உள்ளே எங்கும் தூள் சிந்துகிறது, சிறிய பழுது பெரிய செலவாகிறது.

மெஷினை அணைத்து, யூனிட்டைக் கழற்றி மாட்டி, கனெக்டரை அழுத்திப் பார்த்து, சென்சார் முகத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதற்குக் காசு செலவில்லை. பாட்டில் சுற்றுகிறதா, தூள் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். டெவலப்பரை மாற்றினால் சென்சாரைப் புதிதாக அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு சென்சாரையே குறை சொல்கிறவர்களும் உண்டு. வீட்டு வேக்யூம் கிளீனரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். டோனர் துகள் சில மைக்ரான் அளவுதான். சாதாரண ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும்.

இனி ரீஃபில் மேல் சுமத்தும் பழி. மட்டமான தூளால் கெடுதல் உண்டு, மறுக்கவில்லை. ஒவ்வொரு மாடலின் தூளும் உருகும் சூடு வேறு. 'எல்லாத்துக்கும் ஒரே பவுடர்' என்று விற்பதைப் போட்டால், தூளை உருக்கித் தாளில் பதிக்கும் ஃபியூசரில் ஒட்டும். கழிவுத் தூளைக் கொட்டாமல் விட்டால் கசியும், கசிந்தது சென்சாரிலும் படியும். ஆனால் ரீஃபில் செய்த பிறகு வரும் 'டோனர் இல்லை' செய்திக்குப் பெரும்பாலும் காரணம் சிப்பை மாற்றாததோ பல்சக்கரத்தைத் திருப்பி வைக்காததோதான். தூளுக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமே இல்லை. ரீஃபில் ஏதோ திருட்டு வேலை என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். கார்ட்ரிட்ஜை ஒருமுறை விற்றுவிட்டால் அதன்மீது தயாரிப்பாளரின் காப்புரிமை முடிந்துவிடுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் வழக்கில் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

திரையை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020-இல் டோனர் அளவைக் காட்டும் வசதியே இல்லை. ஆனாலும் நம் ஊரில் அது வருடக்கணக்கில் உழைத்தது, காரணம் எல்லோரும் அச்சைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வெளிறினால் தூள் குறைகிறது. 1020-இன் 12ஏ கார்ட்ரிட்ஜில் ஒரே புள்ளி சுமார் 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் கோளாறு டிரம்மில். பெட்டியில் போட்டிருக்கும் 2000 பக்கம் என்பதும் தாளில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே மை படியும் என்ற கணக்கில் சொன்னது. ஆதார் அட்டையின் கறுத்த நகல்களை எடுத்துத் தள்ளும் கடைக்கு அது பொருந்தாது.

அலுவலகத்தில் கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புதுக் கார்ட்ரிட்ஜ் வேண்டும் என்று கோப்பு வரும்போது, கடைசியாக அச்சான தாளையும் அதோடு இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து கறுப்பாகத் தெளிவாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, சென்சாரைத் துடைக்க ஆளைக் கூப்பிடுங்கள்.