லிபர்டாங்கோ: உள்ளே இருந்து உடைத்த இசை

பெயர் தெரியாமலே லிபர்டாங்கோவைக் கனபேர் கேட்டிருப்பீங்கள். 1981 இல் கிரேஸ் ஜோன்ஸ் பாடின பாட்டொன்றும் இந்த மெட்டில்தான் இருக்கு. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஆஸ்தோர் பியாசொல்லா 1974 இல் மிலான் நகரில் பதிவுசெய்த இசை இது. 'லிபர்தாத்' என்றால் ஸ்பானிய மொழியில் விடுதலை. அதோட டாங்கோவைச் சேர்த்து வந்த பெயர்.

பெயரை வைத்தே, 'மரபைத் தூக்கி எறிந்த இசை' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில உடன்பாடில்லை.

தாளத்தைக் கவனியுங்கோ. பழைய டாங்கோ, ஆடுறவரின் காலுக்கு ஏற்ற மாதிரி நாலு அடியாகச் சீராகப் போகும். லிபர்டாங்கோவில் எட்டுச் சின்னத் துடிப்புகள் 3-3-2 என்று பிரியுது. அழுத்தம் நாம எதிர்பார்க்காத இடத்தில விழுது. கூடவே எலெக்ட்ரிக் பேஸ், டிரம்ஸ். புதுசு மாதிரித்தான் கேட்கும். ஆனா அந்த 3-3-2, டாங்கோவுக்கு மூத்த உறவான மிலோங்காவில் ஏற்கெனவே இருந்தது. பின்னணியில் கிடந்ததை பியாசொல்லா நடுவுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு இது எப்படி முடிஞ்சது? பதினெட்டு வயதில் அனிபால் த்ரொய்லோவின் இசைக்குழுவில் சேர்ந்து, நடன மண்டபங்களில் பண்டோனியோன் வாசித்தவர். பிறகு மேற்கத்தேய செவ்வியல் இசைக்காரனாக வேணும் என்று 1954 இல் பாரிஸ் போனார். டாங்கோக்காரன் என்று சொல்லவே வெட்கம். அவருடைய டாங்கோவைக் கேட்ட ஆசிரியை நாடியா புலான்ஜேதான், இதை விடாதே என்று திருப்பி அனுப்பினார்.

1955 இல் எலெக்ட்ரிக் கிற்றாரோட எட்டுப்பேர் குழு தொடங்கின நேரம், 'இது டாங்கோவே இல்லை' என்று மரபுக்காரர் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. சனம் சேர்ந்து ஆடின இசை, கதிரையில இருந்து கேட்கிற இசையாக மாறினால் ஆடுறவர்களுக்கு இழப்புத்தான். ஆனா அந்த மண்டபங்கள் அப்பவே வெறிச்சோடத் தொடங்கிவிட்டன. பழையதை அப்படியே திருப்பி வாசித்திருந்தால் கூட்டம் திரும்பி வந்திருக்குமா?

புதுசாகச் செய்கிற யாரைப் பார்த்தும் 'இது எங்கட இல்லை' என்று சொல்லுறது சுகம். அதைச் சொல்ல முதல், அந்த ஆளுக்குப் பழையது எவ்வளவு தெரியும் என்று பார்க்க வேணும். மரபை உடைக்கிறன் என்று கிளம்புற எங்களுக்கும் அதே கேள்வி இருக்கு.

த்ரொய்லோ குழுவின் 1941 பதிவு ஒன்றை முதலில் கேளுங்கோ. உடனே லிபர்டாங்கோவைப் போடுங்கோ. இரண்டுக்கும் உள்ள சொந்தம் காதுக்கே விளங்கும்.