சிறப்புப் பயிற்றுநர் நிலைக்க ஒரு சட்டம்

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை புதியவர் ஒருவரின் குரலுக்குப் பழகவே சில சமயம் பல மாதங்கள் ஆகிவிடும். எழுத்தும் எண்ணும் அதற்குப் பிறகுதான். பார்வையற்ற சிறுமியின் விரல்கள் பிரெய்ல் புள்ளிகளைப் பிரித்தறிவதும், காது கேளாத சிறுவனுக்குச் சைகை மொழி கைவருவதும் ஒருவரின் தொடர்ந்த கவனிப்பில் நடப்பவை. அவர் ஆண்டின் நடுவில் வேலையை விட்டுப் போனால், அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்க முடிவதில்லை. முதலில் குழந்தை மறுபடியும் பழக வேண்டும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் இந்தப் பொறுப்பைச் சுமப்பவர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள். வட்டார வள மையம்தான் அவர்களுக்கு இருப்பிடம். வேலையோ பல பள்ளிகளில் நடக்கிறது. பள்ளிக்கு வரமுடியாத குழந்தையின் வீட்டுக்கும் அவர்களே போகிறார்கள். மருத்துவ முகாமுக்குப் பெற்றோரை அழைத்து வருவது, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுவது, பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவருக்கும் கூடுதல் நேரத்துக்கும் உரிய தாள்களைத் தயார் செய்வது என நீளும் வேலைகள் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. இவ்வளவுக்கும் கிடைப்பது தொகுப்பூதியம். ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கும் நிரந்தரப் பணியிடம் என்ற ஒன்று இல்லை.

சிக்கலின் வேர் நிதி வரும் வழியில் இருக்கிறது. திட்டத்தின் செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநிலத்துடையது. எத்தனை பேருக்கு எவ்வளவு என்பதற்கு ஆண்டுதோறும் ஒப்புதல் பெற்றாக வேண்டும். 2024-25இல் மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் தமிழகத்துக்கான திட்ட நிதி நின்றபோது, திட்ட ஊழியர்களின் சம்பளமே கேள்விக்குறியானது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பதில் நமக்குள் வேறுபாடு இருக்கலாம். ஒரு குழந்தையின் பயிற்றுநர் வேலையில் இருப்பாரா இல்லையா என்பது அத்தகைய சர்ச்சைகளைப் பொறுத்திருக்கக் கூடாது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உரிய தகுதியுள்ள ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்தும் கடமையை அரசின் மீது வைக்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறனுள்ள 10 மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்ற அளவைச் சொன்னது. 2025 மார்ச்சில் மீண்டும் மாநிலங்களைக் கண்டித்து, பணியிடங்களை அறிவிக்கச் சொன்னது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த அரசுப் பள்ளியிலும் ஆசிரியர் காலியிடம் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் பணியிடமே ஒப்பளிக்கப்படவில்லை என்றால் காலியிடம் ஏது? கணக்கில் குறை தெரியாது. குழந்தைக்கு ஆசிரியரும் கிடைக்க மாட்டார்.

ஆகவே மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும். அரசாணையை அடுத்த அரசாணை மாற்றிவிடும். உச்ச நீதிமன்றம் சொன்ன விகிதத்தில் பணியிடங்கள், ஆசிரியருக்கு நிகரான ஊதிய விகிதம், மகப்பேறு விடுப்பும் ஓய்வூதியமும் அதில் இடம்பெற வேண்டும். மத்திய நிதி தாமதமானாலும் சம்பளம் நிற்காதபடி மாநில வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். தொலைதூர, மலை வட்டாரங்களில் பணிபுரிபவருக்குக் கூடுதல் படி அவசியம். அங்கே ஒருவர் விலகினால் பதிலுக்கு ஆள் கிடைப்பது மிகக் கடினம்.

வெளியே காத்திருக்கும் பட்டதாரிகளின் கவலையும் நியாயமானது. சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்து, தேர்வுக்குக் காத்திருப்பவர்கள், இப்போது பணியில் இருப்பவர்களை அப்படியே நிரந்தரமாக்கினால் நமக்கு வழி எங்கே என்று கேட்கிறார்கள். பணியில் இருப்பவர்களின் தகுதியை ஒரு தேர்வுக் குழு பரிசீலித்து ஏற்கட்டும். மீதி இடங்களை இடஒதுக்கீட்டு முறைப்படி போட்டித் தேர்வில் நிரப்பட்டும். நீதிமன்றம் காட்டிய வழியும் ஏறக்குறைய இதுவே. விகிதப்படி கணக்கிட்டால் இரு தரப்புக்கும் இடம் இருக்கும்.

எனினும் சட்டம் மட்டும் ஒருவரை வேலையில் இருத்திவிடாது. அந்தக் குழந்தை வந்தால் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார் என்று வகுப்பாசிரியர் ஒதுங்கினால், எந்த ஊதியமும் அந்தத் தனிமையை ஈடுகட்டாது. வகுப்பு இருவருக்கும் பொது. தலைமை ஆசிரியர் ஓர் அமைதியான அறையையும், பாட வேளையில் உரிய இடத்தையும் ஒதுக்கித் தர வேண்டும். பெரிய ஆசிரியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவர்களையும் சேர்க்க வேண்டும். மாற்றுத்திறனுள்ள குழந்தையின் பெற்றோர் தனியே அலுவலகங்களுக்கு அலையும்போது, மற்றப் பெற்றோரும் உடன் போக வேண்டும்.

சட்டத்துக்கான முயற்சியைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இப்போதே தொடங்கலாம். நம் பள்ளியில் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர், பயிற்றுநர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், விகிதப்படி எத்தனை பேர் வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதித் தீர்மானமாக நிறைவேற்றி, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். எல்லாத் தொகுதிகளிலிருந்தும் அப்படித் தீர்மானங்கள் போனால், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றக்கூடிய மசோதா இது.